இருக்கை வரிசையும் பதிவேடும்

இங்கிலாந்தின் மேற்கில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில், ஷ்ரூஸ்பரி நகருக்கு வடக்கே சில மைல் தொலைவில் மிடில் என்றோர் ஊர் இருக்கிறது. 1701இல் அந்த ஊர்த் தேவாலயத்தின் தரைப்படத்தை முதியவர் ஒருவர் வரைந்தார். எந்த மர இருக்கை எந்த வீட்டுக்கு உரியது என்று அதில் குறித்தார். பிறகு ஒவ்வோர் இருக்கையாக எடுத்துக்கொண்டு, அதில் உட்கார்ந்த குடும்பம் எது, தகப்பன் யார், யாரை மணந்தான், சொத்தை எப்படிச் சேர்த்தான் அல்லது தொலைத்தான், பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று எழுதிக்கொண்டே போனார். அவர் பெயர் ரிச்சர்ட் காஃப். அப்போது வயது 66. சொந்த நிலம் வைத்திருந்த குடியானவர். இளமையில் ராபர்ட் கார்பெட் என்ற நீதிபதியிடம் எழுத்தராக இருந்தவர்.

அவர் எழுதியது அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1834இல் அரைகுறையாகவும் 1875இல் முழுமையாகவும் வெளிவந்தது. குதிரை வளர்ப்பவன், தையல்காரன், குடிசைவாசி, ஓடிப்போன மகன், கடன்பட்ட மருமகன் என்று சாதாரண மனிதர்களை இத்தனை பேராக, பெயர் சொல்லி எழுதிய பழைய ஆங்கில ஊர் வரலாறு இதற்கு இணையாக வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ரசிப்பது வேறு, நம்புவது வேறு. இந்நூலை வரலாறாக எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை எடைபோடுவதுதான் இங்கே வேலை.

எடைபோட எதிர்த்தட்டில் ஒன்று வேண்டும். அது பாரிஷ் பதிவேடு. இன்று இங்கிலாந்தில் மூதாதையரைத் தேடுவது பெருந்தொழிலாகிவிட்டது. கட்டணம் வாங்கும் நிறுவனங்கள், தன்னார்வலர்கள் படியெடுத்த தரவுத்தொகுதிகள், மரபணுச் சோதனைகள் எல்லாம் அதில் அடங்கும். அரசுப் பதிவு தொடங்கிய 1837க்கு முந்திய காலத்துக்குப் போகும்போது இவை பெரும்பாலும் கடைசியில் சாய்ந்து நிற்பது இந்தப் பதிவேடுகளின்மேல்தான். பதிவேடு ஆணைப்படி, தேதியிட்டு எழுதப்பட்டது. காஃப் எழுதியதோ கிழவர் வாய்ப்பேச்சு. ஆகவே முன்னது சான்று, பின்னது கதை என்பது பலரும் யோசிக்காமல் சொல்லும் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு பாதிக்குமேல் தவறு என்பது என் கட்சி.

பாரிஷ் என்பது ஒரு தேவாலயத்தைச் சுற்றிய வழிபாட்டு எல்லை மட்டுமன்று. வரி தண்டுவது, சாலை போடுவது, 1601 சட்டத்துக்குப் பிறகு ஏழைகளுக்குச் சோறு போடுவது எல்லாம் அதன் பொறுப்பு. பணம் கைமாறும் இடத்தில் காகிதம் சேரும். அந்தக் காகிதமெல்லாம் தேவாலயத்துப் பூட்டிய பெட்டியில் கிடந்தது. ஆங்கிலக் கிராமத்து வரலாறு எழுத முடிவதற்கே அந்தப் பெட்டிதான் காரணம்.

பதிவேட்டைத் தொடங்கிவைத்தவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். 1538இல் அவர் ஆணையிட்டார்: ஒவ்வொரு பாரிஷிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் எழுத வேண்டும். புதிய வரிக்கு அடிபோடுகிறார்கள் என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். முதல் அறுபது ஆண்டுகள் பல ஊர்களில் தாளில்தான் எழுதினார்கள். 1598இல் எல்லாவற்றையும் தோல் ஏட்டில் பெயர்த்தெழுதச் சொன்னபோது, எலிசபெத் பட்டமேறிய 1558 முதலாவது எழுதினால் போதும் என்று விட்டுக்கொடுத்ததால், எழுத்தர் பலர் அதற்கு முந்திய இருபது ஆண்டுகளைக் கைகழுவிவிட்டார்கள். ஆகவே 16ஆம் நூற்றாண்டுப் பதிவேடு என்று நாம் கையில் எடுப்பது பல இடங்களில் மூலம் அன்று, நகல். நகலெடுத்தவர் சோம்பேறியா இல்லையா என்பதைப் பொறுத்தது அதன் மதிப்பு.

அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது முக்கியம். இருப்பது பிறப்பன்று, ஞானஸ்நானம். இறப்பன்று, அடக்கம். ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த சிசு பெரும்பாலும் ஏட்டில் ஏறாது. குவேக்கர், பாப்டிஸ்ட் போன்ற மாற்றுச் சபையார் விலகி நிற்பார்கள். மனைவியின் பிறந்தவீட்டுப் பெயர் பிள்ளையின் ஞானஸ்நானக் குறிப்பில் அரிதாகவே வரும். 1813 முதல் அச்சிட்ட படிவம் வரும்வரை அடக்கக் குறிப்பில் வயது பெரும்பாலும் கிடையாது. ஆகவே அடக்கமான ஜான் ஸ்மித் கிழவனா குழந்தையா என்று தெரியாது. உள்நாட்டுப் போரும் குடியரசும் நடந்த 1642 முதல் 1660 வரை எண்ணற்ற ஏடுகளில் ஓட்டை. 1653க்குப் பிறகு சில ஆண்டுகள் திருமணமே நீதிபதி முன்னால் நடந்தது. 1754க்கு முன் ரகசியத் திருமணங்கள் வேறு. 1783இல் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி போட்டு, ஏழைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். 1794இல் வரியை நீக்கும்வரை பல ஊர்களில் திடீரென்று ஏழைகள் பெருகினார்கள். பாதிரியார்களின் இரக்கத்தை நான் குறைசொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பதினோரு ஆண்டுகளின் 'ஏழை' என்ற குறிப்பை வறுமைக்குச் சான்றாக எடுப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் பதிவேட்டை மட்டும் வைத்துச் சாதனை செய்யலாம் என்று காட்டியவர்கள் உண்டு. அதில் உச்சம் டெவன் மாவட்டத்துக் கோலிட்டன். அங்கே 1538 முதல் 1837 வரை பதிவேடு ஏறக்குறையத் தொடர்ந்து இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஈ.ஏ. ரிக்லி, பிரான்சில் லூயி ஆன்ரி வகுத்த முறையைக் கையாண்டு, ஒவ்வொரு குறிப்பையும் துண்டுச் சீட்டில் எழுதி, திருமணத்தோடு ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையும் பொருத்திக் குடும்பங்களை மீட்டுருவாக்கினார். 1966இல் வெளிவந்த அவர் கட்டுரை அதிரவைத்தது. 1645-46இல் ஓராண்டில் கொள்ளைநோய் கோலிட்டனில் 392 பேரைக் கொண்டுபோனது. ஊரில் ஐந்திலொரு பங்கு. அதன்பின் 1647 முதல் 1719 வரையான காலத்தில் பெண்களின் முதல் மணவயது சராசரியாக 30ஐ நெருங்கியது. மணந்தவர்களும் முன்பைவிடக் குறைவாகவே பெற்றார்கள். ஆகவே கருத்தடை மருந்துகளுக்கெல்லாம் வெகுமுன்பே அந்த ஊரார் வேண்டுமென்றே குடும்பத்தைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பது ரிக்லியின் முடிவு.

எண்கள் திடமானவை. முடிவு அவ்வளவு திடமில்லை. 1997இல் ரிக்லியும் அவர் கூட்டாளிகளும் 26 பாரிஷ்களின் மீட்டுருவாக்கத்தைத் தொகுத்து வெளியிட்டபோது, திட்டமிட்ட குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நாடு தழுவிய வலுவான தடயம் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமான அடி பமேலா ஷார்ப்பின் ஆய்வு. அவர் பதிவேட்டோடு நிற்காமல் ஏழைகள் கணக்கையும் பிற ஆவணங்களையும் சேர்த்துப் படித்தார். 17ஆம் நூற்றாண்டுக் கோலிட்டனில் பெண்கள் தொகை ஆண்கள் தொகையை விஞ்சி நின்றது. ஆண்கள் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். லேஸ் பின்னலும் கம்பளி நூற்பும் பெண்களுக்குக் கூலி கொடுத்தன. மாப்பிள்ளை கிடைக்காத ஊரில், சொந்தச் சம்பாத்தியமுள்ள பெண் தாமதமாக மணப்பதற்குக் கொள்கை எதுவும் வேண்டியதில்லை.

ரிக்லியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அவர் செய்ததுபோல் கறாராகக் கணக்கிட்டவர் சிலரே. ஆனால் அவருடைய சான்றின் குறை அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது: ஒரே ஊரில் ஞானஸ்நானம் பெற்று, மணந்து, அடக்கமானவர்களை மட்டுமே மீட்டுருவாக்கம் முழுமையாகப் பிடிக்கும். போனவர்கள் நழுவுவார்கள். அப்படிப் போனவர்கள் எத்தனை பேர்? நாட்டிங்காம்ஷயரின் கிளேவொர்த் ஊரில் வில்லியம் சாம்ப்ஸன் என்ற பாதிரியார் 1676இலும் 1688இலும் குடிமக்கள் பட்டியல் எழுதிவைத்தார். பீட்டர் லாஸ்லெட் இரண்டையும் ஒப்பிட்டார். ஊரின் தொகை இரண்டு தடவையும் நானூற்றுச் சொச்சம்தான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுக்குள் ஐந்தில் மூன்று பங்கினர் மாறியிருந்தார்கள். அதில் செத்தவர்களைவிட இடம்பெயர்ந்தவர்களே மிகுதி. அசையாத கிராமம் என்ற நினைப்பை இதைவிடச் சுருக்கமாக உடைத்த சான்று வேறில்லை.

இந்த இடத்தில் காஃபுக்குத் திரும்பலாம். 1642இல் போர் மூண்டபோது, அரசர் தரப்பில் சர் பால் ஹாரிஸ் ஆணை அனுப்பி, 16 வயது முதல் 60 வயது வரையான ஆண்களை மிடில் குன்றில் கூடச் சொன்னார். ஈட்டிகளை நட்டு நிறுத்தி, கையில் தாளோடு ஓர் ஆள் நின்றான். வாரத்துக்கு 14 குரோட் கூலி, அதாவது 4 ஷில்லிங் 8 பென்ஸ் என்று கூவினான். ஏழெட்டு வயதுப் பையனாக இருந்த காஃப் போய் வேடிக்கை பார்த்தார். மிடில், மார்ட்டன், நியூட்டன் என்ற மூன்று சிற்றூர்களிலிருந்து இருபது பேர் போனார்கள், பதின்மூன்று பேர் திரும்பவில்லை என்று எழுதி, போனவர்களையும் அவர்களுடைய முடிவையும் ஒவ்வொருவராகச் சொல்கிறார். தூரத்துப் போர்க்களத்தில் விழுந்தவனுக்கு மிடில் பதிவேட்டில் அடக்கக் குறிப்பு இருக்க வழியில்லை. ஏட்டை மட்டும் பார்ப்பவனுக்கு அவர்கள் ஞானஸ்நானத்தோடு மறைந்துபோன பெயர்கள். இந்தச் சிறு இடத்திலேயே இத்தனை பேர் என்றால் நாடு முழுக்க எத்தனை ஆயிரம் என்று காஃபே கணக்குப் போடுகிறார். அவருக்கு வரலாற்றாசிரியரின் புத்தி இருந்தது என்பதற்கு இதுவே போதும்.

ஏழெட்டு வயதில் பார்த்ததை அறுபது ஆண்டு கழித்து எழுதினால் எப்படி நம்புவது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொன்னவர் டேவிட் ஹே. கிராம வரலாற்றைத் தனித்துறையாக்கிய டபிள்யூ.ஜி. ஹாஸ்கின்ஸின் லெஸ்டர் பள்ளியிலிருந்து வந்தவர். 1974இல் அவர் வெளியிட்ட மிடில் ஆய்வில் காஃபின் கூற்றுகளைப் பதிவேடு, உயில், இறந்தவர் வீட்டுச் சாமான் பட்டியல், குத்தகைப் பத்திரம், வரிக்கணக்கு ஆகியவற்றோடு ஒத்துப்பார்த்தார். சிறு சறுக்கல்கள் தவிர காஃப் வியக்கத்தக்க அளவு சரியாகச் சொல்கிறார் என்று தெரிந்தது. நினைவை ஏடு சோதித்தது, நினைவு தேறியது.

இதை அதிசயமென்று சொல்லிவிட்டு நகர்ந்தால் திறனாய்வு ஆகாது. ஏன் தேறியது? காரணம் நிலமுறையில் இருக்கிறது. மிடிலில் பல பண்ணைகள் மூன்று உயிர்க் குத்தகையில் இருந்தன. பத்திரத்தில் மூன்று பேர் பெயர் எழுதுவார்கள்; அந்த மூவரில் கடைசி ஆள் சாகும்வரை நிலம் கையில் இருக்கும். யார் உயிரோடு இருக்கிறார், யார் மகனை யார் பத்திரத்தில் சேர்த்தார் என்பது அங்கே வம்பன்று, சொத்து விவகாரம். இருக்கையும் அப்படியே. அது ஆளுக்குச் சொந்தமன்று, வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டியது. 'லூன்' என்று அவ்வூரார் சொன்ன கோயில் வரியைக் கட்டாதவன் கட்டுபவனுக்கு முன்னால் உட்காரக்கூடாது என்று சண்டை நடந்த ஊர். நீதிபதியின் எழுத்தராக இருந்த காஃபுக்குப் பத்திரம் படிக்கத் தெரியும். பணத்தோடும் உரிமையோடும் கட்டப்பட்ட நினைவு கறாராக இருக்கும். அப்படிக் கட்டப்படாத இடத்தில் அதே நினைவு தளர்கிறது. காஃப் தம் தாத்தா காலத்துக்கு அப்பால் போகும்போது, பாழடைந்த கோட்டையையும் அங்கே வாழ்ந்த முரட்டு ஹம்ஃப்ரி கைனாஸ்டனையும் பற்றிச் சொல்லும் பகுதிகளை நான் கதையாகவே படிக்கிறேன்.

குறைகள் இன்னும் உண்டு, அவை சில்லறைக் குறைகள் அல்ல. காஃப் எல்லாவற்றுக்கும் குணத்தையே காரணமாகக் காட்டுகிறார். ஒரு குடும்பம் நொடித்தால் அது குடியால், சோம்பலால், தவறான மனைவியால். விலைவாசி, கடன், குத்தகை புதுப்பிக்கும்போது கட்ட வேண்டிய பெருந்தொகை இவையெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஒருவனுடைய வீழ்ச்சியைச் சொல்ல வரும்போது மதுக்கடைதான் முன்னால் வந்து நிற்கிறது. தினமும் மதுக்கடைக்குப் போன ஒரு பெண்ணின் கடனைத் தீர்க்க அவள் கணவன் ஒரே தடவையில் 10 பவுன் கட்டியதை எழுதுகிறார். அவள் ஏன் போனாள் என்று எழுதவில்லை. அவள் தரப்பைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை. நிலமுள்ள ஆணின் கண்ணாடி அது.

அடுத்த குறை இன்னும் ஆழமானது. இருக்கை வரிசைப்படி எழுதியதால் இருக்கை இல்லாதவர் இடம்பெறவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். இதை முழுக்க ஏற்க முடியாது. குடிசைகளுக்கும் பின்வரிசை இருக்கைகள் இருந்தன. காட்டை அழித்த இடத்தில் வந்து குடிசை போட்ட ஏழைகளைப் பற்றியும் காஃப் எழுதுகிறார். ஏழை ஒருவரைப் பராமரிக்க வேண்டியது எந்தப் பாரிஷ் என்று அண்டை ஊர்களோடு நடந்த வழக்குகளுக்கும் நூலில் தனிப்பகுதி உண்டு. உண்மையில் விடுபட்டவர்கள் வேறு: பண்ணை வேலைக்காரர்கள். ஆன் குஸ்மால் 1981இல் காட்டியபடி, அக்கால இங்கிலாந்தில் 15 முதல் 24 வயது வரை இருந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் அடுத்தவர் வீட்டில் ஆண்டுக்கூலிக்கு வேலை செய்தார்கள். ஆண்டு முடிந்தால் அடுத்த ஊர். அவர்களுக்கு மிடிலில் வீடில்லை, ஆகவே இருக்கையில்லை. பிறந்தது வேறிடம், மணப்பது இன்னோரிடம், ஆகவே பதிவேட்டிலும் அவர்கள் அடங்கமாட்டார்கள். இரண்டு தட்டும் ஒரே ஆளைத் தவறவிடும் இடம் இது. இவர்களைப் பிடிக்க மூன்றாவதொரு சான்று வேண்டும். 1662 சட்டத்துக்குப் பிறகு, நிவாரணம் கேட்கக்கூடும் என்று அஞ்சிய ஆளைச் சொந்தப் பாரிஷுக்குத் திருப்பி அனுப்புவதற்கு முன், எங்கே பிறந்தாய், யாரிடம் எத்தனை மாதம் வேலை செய்தாய் என்று நீதிபதிகள் விசாரித்து எழுதினார்கள். கூலிக்காரன் ஒருவனுடைய தன்வரலாற்றுக்கு மிக நெருக்கமாக நமக்கு மிஞ்சியது பல சமயம் அந்த விசாரணைத் தாள்தான்.

சான்று எதுவோ அதன் நிறத்தில்தான் ஊர் தெரியும் என்பதற்கு இன்னோர் உதாரணம் மோர்பாத். டெவனில் முப்பத்துச் சொச்சம் வீடுகள் கொண்ட சிற்றூர். 1520 முதல் 1574 வரை அங்கே பாதிரியாராக இருந்த கிறிஸ்டஃபர் டிரிக்கே, கோயில் கணக்கைத் தம் குரலிலேயே எழுதினார். 1549இல் புதிய வழிபாட்டு நூலை எதிர்த்து நடந்த கலகத்துக்கு ஐந்து இளைஞர்களை ஊர்ச் செலவில் அனுப்பியது அந்தக் கணக்கில் ஏறியிருப்பதை ஈமன் டஃபி 2001இல் விரித்துக் காட்டினார். பதிவேடு இதைச் சொல்லாது. கணக்குப் புத்தகமோ ஊரார் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லாது. மிடிலில் வீட்டுக்குள் நடந்தது தெரிகிறது, வழிபாட்டில் அவர்களுக்கு இருந்த பற்று தெரிவதில்லை. இருக்கைக்காக மல்லுக்கட்டியவர்கள் அதில் உட்கார்ந்து என்ன வேண்டினார்கள் என்று காஃப் சொல்வதே இல்லை.

தீர்ப்பு இதுதான். ஒரு பாரிஷில் எத்தனை பேர் பிறந்தார்கள், எந்த வயதில் மணந்தார்கள் என்று கேட்டால் காஃபிடம் போகக்கூடாது. பதிவேட்டிடம்தான் போகவேண்டும், அதுவும் ரிக்லியைப் போல் ஓட்டைகளை அளந்துகொண்டு. ஆனால் அந்த ஊரில் ஏன் அப்படி நடந்தது, போனவர்கள் எங்கே போனார்கள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் என்ன உறவு என்று கேட்டால் மிடில் நூல் பதிவேட்டைவிட உயர்ந்த சான்று. உயர்ந்தது என்று நான் சொல்வது அதன் சுவைக்காக அன்று. ஹேயின் சோதனையில் தேறியதற்காகவும், அது எங்கே பலவீனம் என்று நம்மால் குறிப்பாகச் சொல்ல முடிவதற்காகவும். குறை எங்கே என்று தெரிந்த சான்றோடு வேலை செய்யலாம். குறையே இல்லாததுபோல் தோற்றம் தரும் தேதியிட்ட ஒற்றை வரிதான் ஆபத்து.

இன்று இணையத்தில் பெருகிக்கிடக்கும் குடும்ப மரங்களை இந்தத் தராசில் வைத்தால் பெரும்பாலானவை நிற்காது. பத்து மைலுக்குள் அதே பெயரில் ஒரு ஞானஸ்நானம் கிடைத்ததும் அதை மூதாதையாக ஒட்டிவிடுகிறார்கள். ஒருவர் ஒட்டியதை நூறு பேர் நகலெடுக்கிறார்கள். நூறு பேர் சொல்வதால் அது உறுதியானதாகிவிடுகிறது. வழக்கமான மரபணுச் சோதனை ஏழெட்டுத் தலைமுறைக்கு அப்பால் பலமிழப்பதால் காஃப் காலத்துக்கு அதை நம்பிப் பயனில்லை. ஒரு பெயரைப் பின்தொடர்வதை விட்டு ஒரு பாரிஷை முழுதாகப் படிப்பவர்களின் மரங்களே ஓரளவு தேறுகின்றன. ஊரில் அதே பெயரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாமல் அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

மிடிலைப் படிக்க விரும்புகிறவர் 1981இல் ஹே பதிப்பித்த பெங்குவின் பதிப்பை எடுக்கட்டும். அவருடைய 1974 ஆய்வை அருகில் வைத்துக்கொண்டு படிக்கட்டும். தன் மூதாதையின் ஞானஸ்நானத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக யாராவது மகிழ்ச்சியோடு சொன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: அதே ஏட்டின் அடுத்த சில பக்கங்களில் அந்தக் குழந்தைக்கு அடக்கக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா?